அவர் தட்டச்சு செய்யாத வரி

எங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு தட்டச்சர் இருந்தார். தான் நேரில் பார்க்காத ஒன்றை அவர் தட்டச்சு செய்ய மாட்டார். முதல்முறை கேட்கிற யாரும் இதை நம்புவதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தாள் அடிக்கிறவர் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். தேர்வு அட்டவணை, கூட்ட அழைப்பு, விடுமுறை அறிவிப்பு எல்லாவற்றையும் மற்றவர்களைப் போலத்தான் மளமளவென்று அடித்துத் தள்ளுவார். ஆனால் ஒரு தாள் 'இருக்கிறது' என்றோ 'செயல்படுகிறது' என்றோ 'முடிக்கப்பட்டது' என்றோ சொன்னால் அவர் விரல்கள் நின்றுவிடும். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, "போயி பாத்துட்டு வந்துர்றேங்க" என்பார்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தன்னைப் பற்றி யாராவது எழுதினால் அதில் எது சரி, எது தப்பு என்று வரிவரியாகச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவார். அந்தச் சிரமத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் வளாகம் நல்லம்பள்ளியைத் தாண்டி, செம்மண்ணும் பாறையுமான ஒரு மேட்டில் இருக்கிறது. அவர் மாரண்டஹள்ளியிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வீட்டில் கன்னடம், அலுவலகத்தில் தமிழ். பருத்திப் புடவை கட்டி, காலில் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். புடவைக்கு ஷூவா என்று அலுவலகப் பெண்கள் கேலி செய்தால், "எந்த நேரத்துல எங்க போயி பாக்கணுமோ, யாருக்குங்க தெரியும்" என்பார். என் வயதை ஒட்டியவர். அப்போது எனக்கு முப்பத்தெட்டு. வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியர்.

அவரைப் பற்றி எனக்கு முதலில் தெரியவந்தது நாற்காலி விஷயத்தில். எங்கள் துறைக் கருத்தரங்க அறையில் அறுபது நாற்காலிகள் இருப்பதாக ஒரு பட்டியல் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து அவரே துறைக்கு வந்துவிட்டார். "ஐம்பத்து நாலுதாங்க சார் இருக்குது. அதுலயும் ரெண்டுக்குக் கை இல்ல. கை இல்லாதத நாற்காலின்னு அடிக்கறதா, ஸ்டூல்னு அடிக்கறதா?" கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம். நான் வெகுநேரம் யோசித்து, நாற்காலி என்றே போடச் சொன்னேன்.

இன்னொரு முறை காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் அனுப்பிவிட்டு, கிருஷ்ணகிரியில் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பத்து மணிக்கு அவரிடமிருந்து போன். "காய்ச்சல் இப்ப எப்படிங்க சார் இருக்குது? விடுப்புப் பதிவுல ஏத்தணும், அதான் கேட்டேன்." என் பின்னால் நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "சொந்த வேலைன்னு போட்டுர்றேங்க சார்" என்று வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவுமில்லை, என்னிடம் அதைப் பற்றி மறுபடி பேசவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு விடுப்புக் கடிதத்தில்கூட நான் காய்ச்சலை வரவழைக்கவில்லை.

இப்படிப்பட்டவரோடு ஒரே அலுவலகத்தில் இருப்பது சுலபமில்லை. அவசரத் தாள்களைப் பலர் அவரிடம் கொடுக்க மாட்டார்கள், பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். மரம் நடு விழா முடிந்து ஐநூறு கன்றுகள் நடப்பட்டு வளர்ந்து வருவதாக ஒரு குறிப்பு வந்தபோது, வெயிலில் வளாகம் முழுக்க நடந்து எண்ணிவிட்டு வந்தார். 'நடப்பட்டவை ஐநூறு, இன்று உயிரோடு இருப்பவை எழுபத்தொன்று' என்று அடித்து வைத்தார். குறிப்பு எழுதியவர் கோபமாக வந்து கேட்டபோது, "எழுபத்தொன்னுல பதினாறு புங்கங்க. அதுங்க நல்லா இருக்குது. மீதிக்குத் தண்ணி ஊத்துனா பொழச்சுக்கும்" என்றார். யார் ஊற்றுவது என்று குறிப்பு எழுதியவர் கேட்க, தட்டச்சர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரம் விடுதி மாணவிகள் சிலர் சாயங்காலம் வாளியோடு அலைவதைப் பார்த்தேன். அவர்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'நேர்ல அக்கா'.

அவர் வாய்விட்டுச் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். பற்களில் பழுப்புக் கறை. இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற புளோரைடு சிறு வயதிலேயே பல்லில் ஏறிவிடும். இன்னும் நாளானால் எலும்பில் ஏறும். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் மடங்காது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருடம் தர மதிப்பீட்டுக் குழு ஒன்று எங்கள் பல்கலைக்கழகத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்காகப் பத்துப் பதினைந்து குழுக்கள் போட்டார்கள். பசுமை வளாகக் குழுவுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். வளாகத்தில் தண்ணீர், மின்சாரம், குப்பை, மரம் எல்லாம் எப்படிப் பராமரிக்கப்படுகின்றன என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்தைய அறிக்கையை எடுத்து, வருடத்தை மாற்றி, நடுநடுவே சில பத்திகளைச் சேர்த்துக் கையால் எழுதி அவரிடம் கொடுத்தேன்.

இரண்டு நாளில் முப்பத்திரண்டு பக்கமும் சுத்தமாக வந்தது. பதினான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"இங்க ஒண்ணு விட்டுப்போச்சே" என்றேன்.

"விட்டுப்போவலீங்க சார். விட்டு வெச்சிருக்கேன்."

நான் எழுதியிருந்த வரி இது: 'விடுதிகளின் கழிவுநீர் முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, வளாகத் தோட்டத்துக்குப் பயன்படுத்தப்படுகிறது.'

"மத்ததெல்லாம் பாத்துட்டேன். சோலார் பேனலு இருக்குது. மண்புழு உரத் தொட்டி இருக்குது. இது ஒண்ணுதான் பாக்கல. இன்னைக்கு மத்தியானம் போயி பாத்துட்டு வந்து அடிச்சிர்றேன்."

எனக்கு எரிச்சல். பதிவாளர் அன்று சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று சொல்லியிருந்தார். போங்கள், சீக்கிரம் வாருங்கள் என்றேன்.

இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது ஷூ முழுக்கக் கருப்புச் சேறு, புடவைக் கரையில் நாயுருவி ஒட்டியிருந்தது. கையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில். அதை என் மேசையில் வைத்தார். உள்ளே சாம்பல் நிறத் தண்ணீர், மேலே நுரை.

"தோட்டத்துக்குப் போவலீங்க சார். காம்பவுண்டுக்கு அந்தாண்ட முனியப்பன்னு ஒருத்தரு காடு இருக்குது. அங்க போவுது."

மேட்டு நிலத்தை இந்தப் பக்கம் காடு என்பார்கள். நான் பாட்டிலைத் தொடவில்லை. "சரி, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எனக்கும் தட்டச்சு தெரியும். ஐந்தரை மணிக்கு அலுவலகம் காலியானதும் அவருடைய கணினியிலேயே உட்கார்ந்து அந்த வரியை நானே அடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அச்செடுத்து, பதினான்காம் பக்கத்தை மாற்றி அறிக்கைக் கட்டுக்குள் செருகி, பைண்டிங் போகும் தாள்களோடு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பாட்டிலை மேசைக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

மறுநாள் பைண்டிங்குக்கு எடுத்துப்போக வேண்டியவர் அவர்தான். எடுத்துப்போவதற்கு முன் பக்க எண்களைச் சரிபார்ப்பார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் செய்தேன். பத்து மணிக்குக் கட்டோடு என் அறைக்கு வந்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"நீங்க அடிச்சிருக்கீங்க சார்."

"ஆமா. நேரம் இல்ல, அதான்."

"சரிங்க. ஒரு நட வாங்க, பாத்துட்டு வந்துரலாம். பாத்துட்டு வந்தும் இந்த வரி இருக்கட்டும்னு நீங்க சொன்னா, நானே கொண்டு போயி பைண்டிங்குக்குக் குடுத்துர்றேன். மறு பேச்சுப் பேச மாட்டேன்."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். அந்த நேரம் எனக்கு வகுப்பு இல்லை என்பதை அவர் முன்னாலேயே பார்த்து வைத்திருந்தார்.

பெண்கள் விடுதிக்குப் பின்னால் சுத்திகரிப்புத் தொட்டிகள் இருந்தன. அந்த வளாகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தும் நான் அங்கே போனதில்லை. தொட்டிக்குக் காற்றடிக்கிற மோட்டார் துருப்பிடித்துக் கிடந்தது, அதற்குள் ஓணான் ஒன்று குடியிருந்தது. எப்போது நின்றது என்று கேட்டேன். மோட்டார் எரிந்துபோய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது என்றும், அதை ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பதிவாளர் காருக்கு ஓட்டுநராகப் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். விசாரித்து வைத்திருந்தார். தொட்டி நிரம்பி வழிந்து, சுவரில் இருந்த ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. குடிநீருக்காக வைத்திருந்த ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டித் தள்ளுகிற உப்புத் தண்ணீரும் இன்னொரு குழாயில் வந்து அதில்தான் சேர்ந்தது. புளோரைடைப் பிரித்து எடுத்து நாங்கள் நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டு, பிரித்ததை அப்படியே சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தோம். நான் வேதியியல் வாத்தியார். அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

சுவரைச் சுற்றிக்கொண்டு போனோம். ஓடை மாதிரி ஒரு பள்ளம், அதன் முடிவில் ஒன்றரை ஏக்கர் இருக்கும். மேல் பாதியில் கேழ்வரகு நின்றது. கீழ்ப் பாதியில் ஒன்றுமில்லை, மண்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஓரத்தில் ஒரு கிணறு. எட்டிப் பார்த்தேன். தண்ணீர்மேல் நுரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

முனியப்பன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். தோளில் இருந்த துண்டை எடுத்து வரப்பில் தட்டி, உட்காரச் சொன்னார்.

"நேத்து இந்தம்மா வந்துச்சு. ஆபீசுல இருந்து ஆளுங்க வந்தது அதுதாங்க மொத தடவ" என்றார். "நானும் மாசத்துக்கு ஒருவாட்டி உங்க கேட்டுக்கு வர்றேன். வாட்ச்மேனு நோட்டுல எழுதிக்கறாரு. எழுதியாச்சு, போங்கறாரு."

"உள்ள யாரும் பாக்கலையா?"

"எழுதியாச்சுங்கறாங்களே, அப்பறம் நான் என்னத்தக் கேக்கறது? கீழ சாமந்தி வெச்சிருந்தேங்க சார். மொத வருசம் எல பழுத்துச்சு, ரெண்டாம் வருசம் மொளைக்கவே இல்ல."

அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டார்.

"கெணத்துத் தண்ணி இல்லீங்க. கேன் தண்ணி. குடிங்க" என்றார்.

குடித்தேன். சொம்பைக் காலி செய்துதான் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது சுவர் ஓரத்தில் அவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து ஷூவில் இருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டினார். அப்போதுதான் அவராகவே சொன்னார்.

"எங்க ஊர்ல ஒரு ஷெட்டு இருக்குதுங்க சார். தண்ணிய சுத்தம் பண்ற மெஷினுக்குக் கட்டுனது. மெஷினு வரவே இல்ல. ஆனா மெஷினு ஓடுதுன்னு ஒரு பேப்பர் இருக்குது. எங்கண்ணன் தகவல் கேட்டு எழுதிப் போட்டு வாங்குனாரு. 'செயல்பட்டு வருகிறது'ன்னு சுத்தமா அடிச்சிருந்தாங்க, ஒரு எழுத்துப் பெசகு இல்ல." சுரண்டுவதை நிறுத்தினார். "எங்கம்மாவுக்குக் கால் மடங்கல. நான் அதுல கையெழுத்துப் போட்ட ஆபீசரைக்கூட அவ்வளவா நெனைக்கறது இல்லீங்க. அத அடிச்சது யாருன்னுதான் நெனைப்பேன். என்ன மாதிரி ஒருத்தருதான். மத்தியானம் சாப்ட்டு வந்து உக்காந்து, குடுத்தத அடிச்சிருப்பாங்க."

என்னைக் குற்றம் சாட்டும் தொனி இல்லை. ஆனால் முந்தின நாள் ஐந்தரை மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தானே.

அறைக்குத் திரும்பியதும் பதினான்காம் பக்கத்தை அறிக்கைக் கட்டிலிருந்து உருவினேன். "என்ன எழுதறது?" என்று அவரையே கேட்டேன். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார்: 'விடுதிகளின் கழிவுநீர் தற்போது வளாகத்துக்கு வெளியே உள்ள ஒரு விவசாயியின் நிலத்திலும் கிணற்றிலும் கலக்கிறது. இதைச் சரிசெய்யும் பணி       அன்று தொடங்கியது.'

"நடுவுல காலியா இருக்குதே."

"தேதிங்க சார். நீங்க கேட்டு வந்து சொன்னீங்கன்னா போட்டுர்றேன்."

இருவரும் பதிவாளர் அறைக்குப் போனோம். பதிவாளர் கெட்டவர் அல்ல, வேலை முடிந்தால் போதும் என்று நினைக்கிறவர். தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சார் இது, வர்றவங்க கையில நாமளே கயிற எடுத்துக் குடுக்கறதா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன்ன யாரு அங்கெல்லாம் போவச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க சார்."

"அடிக்கறது உன் வேல. பாக்கறது உன் வேலையா?"

"பாக்காம எப்படிங்க சார் அடிக்கறது?"

அவர் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே அது எப்படி முடியும் என்று தெரியாதவரைப் போலக் கேட்டார். அதுதான் பதிவாளரை இன்னும் கோபப்படுத்தியது. இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

மறுநாள் மாற்றல் உத்தரவு வந்தது. அலுவலகத்திலிருந்து சரக்கு அறைக்கு. வாளி, துடைப்பம், பழைய விடைத்தாள் மூட்டைகள் இருக்கிற இடம். இதில் வேடிக்கை, அந்த உத்தரவை அடிக்க வேண்டியவரும் அவர்தான். 'சரக்கு அறையில் காலியாக உள்ள தட்டச்சர் இருக்கையில்' என்று இருந்ததாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க சீட்டு இல்லீங்க சார். ஒரு மேச மட்டும் இருக்குது, கரையான் புடிச்சிருக்குது" என்று பதிவாளரிடம் சொல்லி, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று நான் முதல்முறையாக ஒரு காரியம் செய்தேன். ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை போகாது. பழைய வரியோடு கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, துணைவேந்தரைப் பார்க்க நேரம் கேட்டேன். என் பணி நிரந்தரம் அந்த வருடம்தான் வரவேண்டியிருந்தது. வழியில் சரக்கு அறைப் பக்கம் போய், துணைவேந்தரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாங்க சார். கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

அப்போதைய துணைவேந்தர் ஒரு பெண்மணி, கணிதக்காரர். நான் சொன்னதைக் கேட்டு, தேதி காலியாக இருந்த தாளையும் படித்துவிட்டு, சாயங்காலம் காரில் வந்தார். சுவர் ஓரத்தில் காரை நிறுத்தச் சொல்லி, பள்ளத்தில் இறங்கி, கிணறு வரைக்கும் நடந்தார். முனியப்பன் அவருக்கும் வரப்பைத் தட்டி உட்காரச் சொன்னார். துணைவேந்தர் உட்காரவில்லை. கிணற்றுக்குள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன வருசமா?" என்று கேட்டார்.

"மூணாவது வருசங்க."

திரும்பும்போது காரில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்தத் தேதி நாளைக்குன்னு போடலாமா?" என்பது. போடலாம் என்றேன்.

மதிப்பீட்டுக் குழு வந்தது. அந்த வரியைப் படித்த ஒருவர், இப்படி ஒரு வாக்கியத்தை எந்தப் பல்கலைக்கழக அறிக்கையிலும் தான் பார்த்ததில்லை என்று சொன்னார். அது பாராட்டா இல்லையா என்று எங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. நாங்கள் எதிர்பார்த்த தரம் கிடைக்கவில்லை. பதிவாளர் பல மாதம் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை மட்டும் நடந்தது. மோட்டாரைச் சரிசெய்து, அந்த ஓட்டுநரைத் திரும்ப அங்கேயே போட்டார்கள். அது போதவில்லை. கட்டடப் பொறியியல் மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க உழைத்து, சரளைக்கல் பரப்பிய நீளத் தொட்டி ஒன்றைக் கட்டி அதில் கல்வாழையும் கோரையும் நட்டார்கள். கழிவுநீர் அந்த வேர்களுக்குள் புகுந்து மெதுவாக வெளிவர வேண்டும். சமையலறைத் தண்ணீரில் இருக்கிற எண்ணெயை முன்பாகவே நிறுத்த ஒரு குழி. குளிக்கவும் துவைக்கவும்கூட ஆர்.ஓ. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று வைத்தோம். அது தள்ளுகிற உப்புத் தண்ணீரில் பஸ் கழுவினோம், மீதியைச் சிமெண்ட் பூசிய ஆழமில்லாத தொட்டியில் விட்டு வெயிலில் வற்றவைத்தோம்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. முதல் மழையிலேயே கல்வாழைத் தொட்டி நிரம்பி வழிந்து மறுபடியும் முனியப்பன் காட்டுக்குள் போனது. அவர் அன்றைக்குத்தான் எங்களைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். நாற்றம் தாங்கவில்லை என்று மாணவிகள் விடுதி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். இது வேலைக்காகாது, மூடிவிடலாம் என்று கூட்டத்தில் இரண்டு முறை பேச்சு வந்தது. அந்த நாட்களில் எல்லாம் சரக்கு அறையிலிருந்து தினமும் மதியம் ஒருவர் கேன்வாஸ் ஷூவோடு கிளம்பி, தொட்டி வாயிலிருந்து கிணற்று விளிம்பு வரை நடந்துவிட்டு வருவார். பார்த்ததை ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புவார். 'இன்று நாற்றம் குறைவு. மூன்றாவது வரிசைக் கல்வாழை காய்கிறது. கிணற்றில் நுரை இல்லை, நிறம் இருக்கிறது.' அந்தச் சீட்டுகள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் நான் பேசியதெல்லாம் அவற்றைப் பார்த்துத்தான்.

ஒருநாள் சீட்டில் ஒரே ஒரு வரி: 'கல்வாழை பூத்திருக்கிறது, சிவப்பு.' அன்று நானும் போய்ப் பார்த்தேன். மாணவிகள் இருவர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நாற்றம் இல்லை.

அடுத்த அறிக்கைக்கு அவரையே தட்டச்சு செய்யக் கேட்டு வாங்கினேன். பதிவாளர் கையெழுத்துப் போட்டார். கழிவுநீர்ப் பகுதிக்கு வந்ததும், நான் எழுதிக் கொடுத்த வரியை அவர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இத நீங்க போயி பாக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"நீங்க பாத்துட்டுத்தானே சார் எழுதியிருக்கீங்க" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் பணி நிரந்தர உத்தரவு வந்த நாளில்கூட எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்ததில்லை.

அதற்கடுத்த வருடம் அவருக்கு அரசு வேலை கிடைத்தது. அரூர் பக்கம் ஓர் அலுவலகம், சித்தேரி மலைக் கிராமங்களின் தாள்களும் அங்கேதான் வருமாம். மலைக்குப் போகிற பஸ் நேரங்களை விசாரித்து ஒரு சீட்டில் குறித்துக்கொண்டிருந்ததைக் கடைசி நாள் பார்த்தேன். அங்கே யாருக்கு என்ன தலைவலியாகப் போகிறதோ என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அவரிடமிருந்து எனக்கு ஒன்றிரண்டு போன் வந்தது, அம்மாவுக்கு இப்போது ஆற்றுக் குடிநீர் வீட்டுக்கே வருகிறது என்று சொன்னார். அப்புறம் எப்போதும் நடப்பதுபோல, தொடர்பு விட்டுப்போயிற்று.

போன கோடையில் வாட்ச்மேன் வந்து, முனியப்பன் கேட்டில் நிற்கிறார் என்றார். மறுபடியும் எங்கேயோ உடைந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசினார்.

"கெணறு வத்திப்போச்சுங்க சார். ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான். உங்க தொட்டியில இருந்து வர்ற அந்தத் தண்ணி, இப்ப பூராவும் தோட்டத்துக்குத்தானே போவுது... அதுல கொஞ்சம் எங்க காட்டுப் பக்கம் உடுவீங்களா?"

தண்ணீரை எங்கள் ஆய்வகத்தில் மறுபடியும் சோதித்துப் பார்த்தேன். பூச்செடிக்குத் தாராளமாக விடலாம். குழுவில் வைத்தபோது புல்வெளி காய்ந்துவிடுமே என்று ஒருவர் சொன்னார். காயட்டும் என்றார் பதிவாளர். அதே பதிவாளர்தான், ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வால்வைத் திறந்துவிட்டு, குழாய் ஓரமாகவே காட்டுக்கு நடந்தேன். கீழ்ப் பாதியில் உப்பைச் சுரண்டி எடுத்து, எருவும் வண்டல் மண்ணும் போட்டு உழுது, பாத்தி கட்டி, சாமந்தி நாற்று வைத்திருந்தார்கள். முனியப்பனின் மனைவி மண்வெட்டியோடு நின்றார்.

"அந்தப் பொண்ணு வரலீங்களா?" என்று கேட்டார்.

"அவங்க வேற வேலைக்குப் போயிட்டாங்கம்மா. அரூர் பக்கம்."

"நல்லா இருக்கட்டும். தெனமும் மத்தியானம் வந்து இந்த வரப்புல நிக்கும். என்ன கண்ணு பாக்கறன்னு கேப்பேன். ஒண்ணுமில்லக்கா, சும்மாத்தான்னு சொல்லிட்டுப் போயிரும்."

தண்ணீர் வந்துவிட்டது. அவர் குனிந்து மடையை வெட்டிவிட்டார். முதல் பாத்தி நிரம்ப நேரம் எடுத்தது, மண் அவ்வளவு காய்ந்திருந்தது. பிறகு இரண்டாவது பாத்திக்குத் திருப்பினார். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். எட்டரை மணிக்கு எனக்கு வகுப்பு இருந்தது. அந்தப் பாத்தி நிரம்பும் வரை நின்றுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.